அமெரிக்காவில் எம்.எஸ்.டபிள்யூ. படிக்கப் போகிறீர்களா? 900 மணி நேரத்திலிருந்து தொடங்குங்கள்

சேர்க்கைக் கடிதம் வந்த அன்று வீட்டில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தோம். பெரிய வேலை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அதற்குப் பிறகு அலைந்த அலைச்சலோடு ஒப்பிட்டால் விண்ணப்பம் போட்டது சுலபமான பகுதி. யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் அதில் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கணினியோ பொறியியலோ படிக்கப் போனவர்கள் சொல்லும் யோசனைகளில் பல நமக்குப் பொருந்தாது. சமூகப் பணி முதுகலையான எம்.எஸ்.டபிள்யூ.வில் குறைந்தது 900 மணி நேரம் ஃபீல்டு ஒர்க், அதாவது மருத்துவமனை, தொண்டு நிறுவனம் போன்ற ஏஜென்சிகளில் நேரடிப் பயிற்சி, கட்டாயம். எந்தப் பள்ளி (பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்பை நடத்தும் துறையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்), எவ்வளவு பணம், என்ன மருத்துவச் சான்று, எந்த விசா அனுமதி, படித்து முடித்து எத்தனை மாதம் வேலை பார்க்கலாம் என்று எதை எடுத்தாலும் அந்த 900 மணி நேரத்தில்தான் வந்து நிற்கும். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1. பட்டத்தின் பெயரை விடுங்கள், அங்கீகாரத்தைப் பாருங்கள்

பெர்க்லியிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்களில் எம்.எஸ்.டபிள்யூ. என்றால் 'மாஸ்டர் ஆஃப் சோஷியல் வெல்ஃபேர்'. பெரும்பாலான மற்ற இடங்களில் 'மாஸ்டர் ஆஃப் சோஷியல் ஒர்க்'. கொலம்பியாவில் கொடுப்பது எம்.எஸ்., சிகாகோவில் ஏ.எம். பெயர் எதுவானாலும் இவற்றுக்கெல்லாம் சி.எஸ்.டபிள்யூ.இ. என்ற சமூகப் பணிக் கல்விக் குழுவின் அங்கீகாரம் இருக்கிறது. தொழில் உரிமம் தரும் மாநில வாரியங்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அந்தக் குழுவின் தளத்தில் அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பட்டியல் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் போதாது, நீங்கள் சேரப்போகும் படிப்பு அதில் இருக்க வேண்டும். ஒரே பள்ளியே எம்.எஸ்.டபிள்யூ.வும் நடத்தும், பக்கத்திலேயே 'சோஷியல் பாலிசி' முதுகலையும் நடத்தும். இரண்டாவது நல்ல படிப்பாகவே இருக்கலாம், ஆனால் அதை வைத்துச் சமூகப் பணியாளர் உரிமம் வாங்க முடியாது.

இன்னொரு பொறி ஆன்லைன் எம்.எஸ்.டபிள்யூ. கட்டணம் குறைவாகத் தெரியும், அங்கீகாரமும் இருக்கும். ஆனால் எஃப்-1 மாணவர் விசாவுக்கு அது உதவாது. ஒரு செமஸ்டரில் ஓர் ஆன்லைன் வகுப்பு மட்டுமே முழுநேரக் கணக்கில் சேரும். பகுதிநேரப் படிப்பும் அப்படித்தான், நமக்குப் பொருந்தாது.

2. உங்கள் இந்தியப் பட்டம் அங்கே எங்கே நிற்கும்?

இதில் மூன்று வகை உண்டு.

சமூகவியல், உளவியல், பி.காம். என்று வேறு எதையாவது மூன்று வருடம் படித்தவர்களுக்குச் சிக்கல் அந்த மூன்று வருடம்தான். சில பள்ளிகள் ஏற்றுக்கொள்கின்றன. சில பள்ளிகள் நான்கு வருட இளங்கலைக்குச் சமமானது வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிடுகின்றன. விண்ணப்பக் கட்டணம் திரும்ப வராது. அதனால் கட்டுவதற்கு முன்பே சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, உங்கள் பட்டத்தின் பெயரையும் படித்த வருடங்களையும் சொல்லிக் கேளுங்கள். பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இளங்கலையில் புள்ளியியல் படித்திருக்க வேண்டும் என்று கேட்கும் பள்ளிகளும் உண்டு, அதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

பி.எஸ்.டபிள்யூ. படித்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 'அட்வான்ஸ்டு ஸ்டாண்டிங்' என்று ஒரு வழி இருக்கிறது. இளங்கலையிலேயே சமூகப் பணி படித்தவர்கள் அடிப்படைப் பாடங்களைத் தாண்டி, ஏறக்குறைய ஒரு வருடத்தில் முடிக்கலாம். வெளிநாட்டுப் பட்டத்தை மதிப்பிட அதே சி.எஸ்.டபிள்யூ.இ. தனியாக ஒரு சேவை நடத்துகிறது. உங்கள் பட்டம் சமமானது என்று அங்கே முடிவானால் நீங்கள் அட்வான்ஸ்டு ஸ்டாண்டிங் கேட்கலாம். கொடுப்பதா வேண்டாமா என்பது பள்ளியின் விருப்பம். பட்டம் வாங்கி இத்தனை வருடத்துக்குள் சேர வேண்டும் என்றும் பள்ளிகள் வரம்பு வைத்திருக்கின்றன.

மூன்றாவது, இங்கேயே எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவர்கள். அமெரிக்காவில் சமூகப் பணியாளராக வேலை பார்ப்பதுதான் நோக்கம் என்றால், இன்னொரு முதுகலைக்குப் பணம் கட்டுவதற்கு முன் மேலே சொன்ன மதிப்பீட்டுக்குப் போடுங்கள். சமம் என்று சான்று வந்தால் பல மாநிலங்களில் அதை வைத்தே உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். இது தெரியாமல் மறுபடியும் முதல் வருடப் பாடத்தில் உட்கார்ந்த ஒருவர் என் வகுப்பிலேயே இருந்தார்.

பத்து வருடம் தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவராக இருந்தாலும், அந்த அனுபவத்துக்காக ஒரு கிரெடிட்டும் கழிக்க மாட்டார்கள். அது அங்கீகார விதியிலேயே இருக்கிறது. அனுபவம் சேர்க்கைக்கு உதவும், அவ்வளவுதான்.

3. இனிஷியலும் டிரான்ஸ்கிரிப்டும்

தமிழ்நாட்டுக்காரர்கள் முதலில் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டியது பெயர். மார்க் ஷீட்டில் பெயருக்கு முன்னால் ஓர் இனிஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால் அதே இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, அல்லது குடும்பப் பெயர்க் கட்டம் காலி. நமக்கு எல்லாம் ஒரே ஆள், கணினிக்கு மூன்று ஆள்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால் விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும், முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று அச்சாகும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பிறகு வங்கி, பல்கலைக்கழக அடையாள அட்டை, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றிலும் அதுவே தொடரும். நேரம் இருந்தால் எதற்கும் விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்துவிடுங்கள். பிறகு டோஃபல் ஆங்கிலத் தேர்வு, பட்ட மதிப்பீடு, விண்ணப்பம், விசாப் படிவம் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து அப்படியே நிரப்புங்கள். மார்க் ஷீட்டில் வேறு மாதிரி இருந்தால் இரண்டும் ஒரே ஆள் என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் தயார் செய்து வையுங்கள்.

அடுத்தது டிரான்ஸ்கிரிப்ட். வெஸ் போன்ற மதிப்பீட்டு நிறுவனங்கள் நம் கையிலிருந்து வரும் நகலை ஏற்பதில்லை, பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும். தன்னாட்சிக் கல்லூரியில் படித்தவர்கள் கல்லூரித் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம், பல்கலைக்கழகம் என இரண்டு இடத்துக்கும் நடக்க வேண்டிவரலாம். என் கவர் முத்திரை வைக்கப்பட்டு மூன்று வாரம் ஒரு மேசையிலேயே கிடந்தது. கவரின் மேல் மதிப்பீட்டு நிறுவனம் கொடுத்த குறிப்பு எண்ணை எழுதவில்லை என்பதுதான் காரணம், அதை யாரும் எனக்குச் சொல்லவும் இல்லை. அந்த எண்ணைக் கவரின் மேலும் உள்ளே உள்ள படிவத்திலும் எழுதியிருக்கிறார்களா என்று நின்று பாருங்கள். தபால் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இந்த வேலைக்கு மட்டும் மூன்று மாதம் ஒதுக்குங்கள். பல பள்ளிகளின் கடைசித் தேதி டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் வந்துவிடும், அப்படியென்றால் ஆகஸ்டிலேயே டிரான்ஸ்கிரிப்டுக்கு விண்ணப்பம் போட்டிருக்க வேண்டும்.

பல எம்.எஸ்.டபிள்யூ. பள்ளிகள் ஜி.ஆர்.இ. என்ற முதுகலை நுழைவுத் தேர்வைக் கேட்பதில்லை. ஆங்கிலத் தேர்வு வேண்டும். டோஃபல் மதிப்பெண் இரண்டு வருடம் செல்லும்.

4. கட்டுரையும் பரிந்துரைக் கடிதங்களும்

"சிறு வயதிலிருந்தே சமூகத்துக்குத் தொண்டு செய்ய ஆசை" என்று தொடங்கும் கட்டுரையைச் சேர்க்கைக் குழு ஆயிரம் முறை படித்திருக்கும். என் முதல் வரைவும் அப்படித்தான் இருந்தது. பிறகு அதை எடுத்துவிட்டு, மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் நான் பார்த்த ஒன்றை மட்டும் எழுதினேன். கையெழுத்துப் போடத் தெரிந்த ஓர் அக்கா, தன் பக்கத்தில் இருந்தவர் கூச்சப்படக் கூடாது என்பதற்காக அன்று தானும் கைநாட்டு வைத்தார். அதைப் பார்த்தபோது எனக்கு என்ன புரிந்தது, என்ன புரியவில்லை, அதைப் புரிந்துகொள்ள அந்தப் பள்ளியின் எந்தப் பாடம் தேவை என்று எழுதினேன். ஒரு சம்பவம், அதில் உங்கள் தடுமாற்றம், படித்து என்ன செய்யப் போகிறீர்கள். இவ்வளவு இருந்தால் போதும்.

உங்கள் சொந்தத் துயரத்தை எழுதலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அதிலிருந்து எவ்வளவு தூரம் வெளியே வந்திருக்கிறீர்கள் என்பதும் தெரியும்படி எழுதினால் எழுதலாம். காயம் இன்னும் ஆறாமல் இருந்தால் வேண்டாம் என்பது என் கருத்து.

பரிந்துரை பெரும்பாலும் மூன்று. ஒன்று பாடம் நடத்திய ஆசிரியர், ஒன்று உங்கள் வேலையை நேரில் மேற்பார்த்தவர். கல்லூரி முதல்வரின் பெரிய பெயரைவிட, நீங்கள் குடும்பங்களைச் சந்தித்ததை உடனிருந்து பார்த்தவரின் கடிதம் மேல். கடிதம் கேட்டு வரும் இணைப்பு நிறுவன மின்னஞ்சலுக்குப் போவது நல்லது, தனிப்பட்ட முகவரியைச் சில பள்ளிகள் சந்தேகமாகப் பார்க்கின்றன.

5. பணக் கணக்கு

விசாவுக்குத் தேவையான ஐ-20 என்ற சேர்க்கைச் சான்றுப் படிவத்தைப் பல்கலைக்கழகம் தருவதற்கு முன் முதல் வருடக் கட்டணம், வாழ்க்கைச் செலவு, மருத்துவக் காப்பீடு எல்லாம் சேர்ந்த தொகைக்கு வங்கிச் சான்று கேட்பார்கள். கடன் ஒப்புதல் கடிதமும் ஏற்கப்படும். அமெரிக்க மத்திய அரசின் கல்விக் கடன் எஃப்-1 மாணவர்களுக்குக் கிடையாது. குழந்தைகள் நலத் துறைக்காக ஆள் தயார் செய்யும் 'டைட்டில் ஃபோர்-இ' உதவித்தொகை பெரிதாகத் தெரியும். அது படித்து முடித்ததும் அரசு அமைப்பில் வேலை செய்யும் ஒப்பந்தத்தோடு வருவது, தற்காலிக விசாவில் இருக்கும் நமக்குக் கிடைப்பது அரிது.

வளாகத்தில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்க அனுமதி உண்டு என்று எல்லோரும் சொல்வார்கள். அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். நமக்கு ஃபீல்டு ஒர்க்கே முதல் வருடம் வாரம் 16 மணி, இரண்டாம் வருடம் 24 மணி அளவில் போகும். அதோடு வகுப்பு, அதோடு எழுத்து வேலை. மூன்று பகல் முழுக்க ஏஜென்சியில் இருந்துவிட்டு நூலக மேசை வேலைக்கு எத்தனை மணி மிஞ்சும்? ஃபீல்டு ஒர்க்குக்குச் சம்பளம் பெரும்பாலும் இல்லை, போக்குவரத்துச் செலவும் நம்முடையது.

கடன் வாங்கும் முன் ஒரு எண்ணைப் பாருங்கள். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகக் கணக்கில் சமூகப் பணியாளர்களின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 2023 மே மாதத்தில் 58,380 டாலர். மென்பொருள்காரர்கள் வாங்கும் அளவு கடனை இந்தச் சம்பளம் தாங்காது. உதவித்தொகை குறைவாகக் கிடைத்த பிரபலமான பள்ளியைவிடக் கட்டணம் குறைந்த மாநிலப் பல்கலைக்கழகம் நல்லது. அங்கீகாரம் ஒன்றுதான், உரிமமும் ஒன்றுதான்.

6. விசா

இந்தப் படி மற்ற மாணவர்களுக்கு எப்படியோ அப்படியே, வேகமாகச் சொல்கிறேன். ஐ-20 வந்ததும் செவிஸ் என்ற மாணவர் பதிவு முறைக்கான கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். இவற்றின் மேல் புதுக் கட்டணங்கள் சேரலாம், கட்டும் நாளன்று தூதரகத் தளத்தைப் பாருங்கள். டி.எஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவம் நிரப்பி, சென்னைத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு நாள் எடுங்கள். மே, ஜூனில் நாள் கிடைப்பது கஷ்டம். 2025 ஜூனிலிருந்து மாணவர் விசா கேட்பவர்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்றும் விதி வந்திருக்கிறது. படிப்பு தொடங்குவதற்கு 30 நாள் முன்புதான் உள்ளே நுழைய முடியும்.

நேர்காணலில் "சோஷியல் ஒர்க்குக்கு ஏன் அமெரிக்கா?" என்று கேட்பார்கள். திரும்பி வந்து எந்த மாதிரி இடத்தில் என்ன வேலை செய்வீர்கள் என்று இரண்டு வரியில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

7. ஃபீல்டு ஒர்க்: சேர்வதற்கு முன்பே வேலை தொடங்குகிறது

சேர்க்கையை உறுதி செய்த சில வாரங்களில் ஃபீல்டு அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வரும். எந்த வயதினரோடு வேலை செய்ய விருப்பம், என்ன மொழி தெரியும், கார் இருக்கிறதா என்று கேட்கும். சாதாரணப் படிவம் என்று நினைத்து ஒத்திப் போட்டால் நல்ல இடங்கள் போய்விடும். கார் இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள். பேருந்து போகும் இடமாகக் கேளுங்கள். நீங்களாக ஏஜென்சிகளைத் தொடர்புகொள்ளக் கூடாது என்று பல பள்ளிகளில் விதி உண்டு, அதை மீறாதீர்கள்.

இடம் கிடைத்ததும் நேர்காணல். அப்போது கேட்க வேண்டிய கேள்வி, "என் ஃபீல்டு இன்ஸ்ட்ரக்டர் யார்?" முதுகலை மாணவருக்கு மேற்பார்வை செய்பவர் அங்கீகாரம் பெற்ற எம்.எஸ்.டபிள்யூ. படித்து, அதற்குப் பின் இரண்டு வருட அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டும். நடு செமஸ்டரில் அவர் வேலையை விட்டுப் போனால் உங்கள் மணிக்கணக்கு நிற்கும். மாற்று ஆள் இருக்கிறாரா என்றும் கேளுங்கள்.

பிறகு மருத்துவச் சான்று. இங்கேதான் எனக்கு இரண்டு வாரம் போனது. காசநோய்க்குக் கையில் ஊசி போட்டு, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் வீக்கத்தை அளப்பார்கள். எனக்கு முழங்கைக்குக் கீழே நாலணா அளவுக்குத் தடித்து எழும்பியது. காசநோய் ஒன்றுமில்லை. குழந்தையில் நமக்குப் போடும் பி.சி.ஜி. தடுப்பூசியாலேயே அந்தச் சோதனை அப்படிக் காட்டலாம். அதன் பின் மார்பு எக்ஸ்ரே, மருத்துவர் கடிதம், காத்திருப்பு. முதலிலேயே பி.சி.ஜி. போட்டிருக்கிறேன், ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள், அந்தப் பரிசோதனையைப் பி.சி.ஜி. குழப்பாது. தட்டம்மை, ஹெபடைடிஸ் பி தடுப்பூசிச் சான்றுகளை ஊரிலிருந்தே ஆங்கிலத்தில் வாங்கிக்கொண்டு போங்கள்.

கைரேகைப் பரிசோதனையும் பெரும்பாலும் உண்டு. குழந்தைகள், முதியோர் இருக்கும் இடங்களில் அது முடியாமல் கால் வைக்க விட மாட்டார்கள்.

கடைசியாக சி.பி.டி., அதாவது படிப்பின் பகுதியான பயிற்சிக்கு எஃப்-1 மாணவருக்குத் தரும் அனுமதி. சம்பளம் இல்லாவிட்டாலும் ஃபீல்டு ஒர்க்குக்கு இதை வாங்கச் சொல்கின்றன பெரும்பாலான பள்ளிகள். வழக்கமாக ஒரு கல்வியாண்டு முடிந்த பிறகுதான் சி.பி.டி. கிடைக்கும், ஆனால் படிப்பே முதல் செமஸ்டரில் பயிற்சியைக் கட்டாயமாக்கினால் முதுகலை மாணவருக்கு விலக்கு உண்டு. புதிய ஐ-20-இல் ஏஜென்சியின் பெயரும் தேதியும் அச்சாகும். அந்தத் தேதிக்கு முன் ஒரு நாள்கூட ஏஜென்சியில் வேலை தொடங்காதீர்கள்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. வாரம் 20 மணிக்கு மேல் போனால் அது முழுநேர சி.பி.டி. முழுநேர சி.பி.டி. 12 மாதம் ஆகிவிட்டால், படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதியான ஓ.பி.டி. கையை விட்டுப் போய்விடும். இரண்டாம் வருடம் வாரம் 24 மணி என்றால் ஆகஸ்ட் முதல் மே வரை ஒன்பது மாதம் முழுநேரக் கணக்கு. அதோடு கோடையில் மூன்று மாத முழுநேரப் பயிற்சி எடுத்தால் சரியாக 12. மணியை விரைவில் முடிக்கலாம் என்று யாராவது சொன்னால், முதலில் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் உட்கார்ந்து தேதிகளைக் கூட்டிப் பாருங்கள்.

8. வகுப்பும் ப்ராசஸ் ரெக்கார்டிங்கும்

இரண்டு வருடப் படிப்பு பெரும்பாலும் 60 கிரெடிட். முதல் வருடம் பொதுவான அடிப்படை: மனித நடத்தை, சமூகநலக் கொள்கை, ஆராய்ச்சி முறை, நேரடிப் பணி. இரண்டாம் வருடம் சிறப்புப் பிரிவு, அதாவது மருத்துவச் சமூகப் பணி, குழந்தைகள் நலம், கொள்கை, நிர்வாகம் என்று பிரியும். மனநல ஆலோசனை உரிமம்தான் குறி என்றால் கிளினிக்கல் பாடங்களை விடாதீர்கள், சில மாநிலங்கள் அவற்றின் கிரெடிட்டைத் தனியாக எண்ணுகின்றன. மதிப்பெண் சராசரி (4-க்கு) 3.0-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம்மை மிரட்டுவது தேர்வு அல்ல, ப்ராசஸ் ரெக்கார்டிங். கிளையன்டோடு, அதாவது உதவி தேடி வந்தவரோடு, நடந்த உரையாடலை நினைவிலிருந்து எழுத வேண்டும். பக்கத்தில் கட்டங்கள்: அவர் சொன்னது, நான் சொன்னது, அப்போது எனக்குள் என்ன ஓடியது, மேற்பார்வையாளர் குறிப்பு. ஒரு பாட்டி என்னிடம், "ஞாயிற்றுக்கிழமை யாரும் வருவதில்லை" என்றார். நான் உடனே முதியோர் மையத்தின் ஞாயிறு நிகழ்ச்சிகளைப் பட்டியலிட்டேன். என் உணர்வுக் கட்டத்தில் 'உதவியதில் நிறைவு' என்று எழுதியிருந்தேன். மேற்பார்வையாளர் பாட்டியின் வாக்கியத்தை வட்டமிட்டு, "இவர் கேட்டது நிகழ்ச்சியா?" என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தார். அந்த ஒரு வரி எனக்கு ஒரு செமஸ்டர் பாடம். ஒரு மணி நேர உரையாடலுக்கு மூன்று மணி நேர எழுத்து ஆகும், அன்று இரவே எழுதிவிடுங்கள். மறுநாள் நம் மூளை வாக்கியங்களை நமக்குச் சாதகமாகத் திருத்திவிடும். கிளையன்டின் உண்மைப் பெயர் எந்தக் காகிதத்திலும் வரக் கூடாது.

9. பட்டம் கைக்கு வரும் முன்

சமூகப் பணி ஸ்டெம் எனப்படும் அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளின் பட்டியலில் இல்லை. அதனால் ஓ.பி.டி. 12 மாதம் மட்டுமே, நீட்டிப்பு கிடையாது. படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள். அனுமதி தொடங்கியபின் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலை இல்லாமல் இருக்கக் கூடாது.

உரிமத்தைப் பற்றிச் சேர்வதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. மாநில உரிம வாரியங்களின் சங்கமான ஏ.எஸ்.டபிள்யூ.பி. நடத்தும் முதுகலைத் தேர்வைப் பல மாநிலங்களில் பட்டம் வாங்கிய உடனே எழுதலாம். ஆனால் தனியாக மனநல ஆலோசனை தரும் எல்.சி.எஸ்.டபிள்யூ. உரிமத்துக்குப் பட்டத்துக்குப் பிந்தைய மேற்பார்வை மணிகள் வேண்டும். கலிஃபோர்னியாவில் அது 3,000 மணி, குறைந்தது 104 வாரம். ஓ.பி.டி. தருவது 52 வாரம். மிச்ச 52 வாரத்துக்கு எச்-1பி வேலை விசா எடுத்துக் கொடுக்கும் நிறுவனம் வேண்டும். பல்கலைக்கழகத்தோடு இணைந்த லாப நோக்கற்ற மருத்துவமனைகளுக்கு எச்-1பி-க்கான ஆண்டு வரம்பும் குலுக்கலும் கிடையாது, அதனால் இரண்டாம் வருட ஃபீல்டு இடத்தை அப்படிப்பட்ட இடமாகக் கேட்பது புத்திசாலித்தனம்.

கிளம்பும் முன் எல்லாப் பாடங்களின் சிலபஸ், கையெழுத்திட்ட மணிக்கணக்குத் தாள்கள், ஃபீல்டு மதிப்பீட்டுப் படிவங்கள், இன்ஸ்ட்ரக்டரின் உரிம எண் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள். வேறு மாநிலத்துக்கு மாறினாலும் ஊருக்கே திரும்பினாலும் யாராவது ஒருவர் இவற்றைக் கேட்பார். அதற்குள் உங்கள் இன்ஸ்ட்ரக்டர் வேலை மாறியிருப்பார், பள்ளி மின்னஞ்சலும் மூடப்பட்டிருக்கும்.